கேட்வேயிலிருந்து மாலைப் படகு: மும்பைத் துறைமுகத்தில் சூரிய மறைவைப் பார்க்க முழுமையான வழிகாட்டி

மும்பைக்கு மிதி, தஹிசர், ஓஷிவாரா, பொய்சர் என்று ஆறுகள் உண்டு. ஆனால் மாலைச் சவாரிப் படகுகள் இவற்றில் ஓடுவதில்லை. தானே கழிமுகமும் பன்வெல் கழிமுகமும் வந்து கலக்கும் துறைமுக நீரில்தான் ஓடுகின்றன. கிளம்பும் இடம் பெரும்பாலும் கேட்வே ஆஃப் இந்தியா. ஊரிலிருந்து உறவினர் வந்தால் தாராவியிலிருந்தும் மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் நம்மவர்கள் அவர்களை முதலில் கூட்டிப்போகும் இடங்களில் அதுவும் ஒன்று. அப்படிப் போய்ப் படகேறியவர்களில் பலர் சூரியன் மறைவதைப் பார்க்காமலே திரும்புகிறார்கள். தப்பான நேரத்தில் தப்பான படகில் ஏறுவதுதான் காரணம். அதைத் தவிர்க்கும் வழிகளை வரிசையாகப் பார்ப்போம்.

1. முதலில் திசை

கேட்வே கிழக்குப் பார்த்து நிற்கிறது. அதன் முன்னால் இருப்பது துறைமுகம், திறந்த அரபிக்கடல் அல்ல. சூரியன் மறைவது உங்கள் முதுகுப் பக்கம், தாஜ் ஹோட்டலுக்கும் கொலாபா கட்டடங்களுக்கும் பின்னால். எனவே கேட்வே படகிலிருந்து தெரிவது கடலில் இறங்கும் சூரியன் அல்ல, நகரத்துக்குப் பின்னால் இறங்கும் சூரியன். கோபுரங்களும் கேட்வே வளைவும் கருநிழலாக நிற்க, வானம் சிவப்பது தனி அழகு. அதை எதிர்பார்த்துப் போனால் மனம் நிறையும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. மும்பையில் சூரியன் ஒரு பாகை இறங்க ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் உங்கள் படகு நிற்கிறது, கரையில் எழுபது மீட்டர் உயரக் கட்டடம் இருக்கிறது என்றால், அது அடிவானத்தில் நான்கு பாகையை மறைத்துக்கொள்ளும். காலண்டரில் போட்ட நேரத்துக்குக் கால் மணி நேரம் முன்பே சூரியன் அதற்குப் பின்னால் போய்விடும். ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருந்தால் மூன்று, நான்கு நிமிடம்தான் வித்தியாசம். கரையிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறீர்களோ அவ்வளவு நேரம் சூரியன் உங்களுக்குக் கிடைக்கும். படகைத் தேர்ந்தெடுக்க இதுதான் அடிப்படை.

2. எந்தப் படகு

நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கும் ஒன்றுக்கொன்று ஈடல்ல.

ஹார்பர் ரவுண்டு: கேட்வேயில் கிளம்பி அரை மணி நேரம் சுற்றிவிட்டு வந்து விடும் மரப்படகு. செலவு மிகக் குறைவு, முன்பதிவு வேண்டாம். ஆனால் அது கரையைவிட்டு அதிகம் விலகாது. போகும்போது சூரியன் பின்னால், திரும்பும்போது முன்னால். சிறு குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், கடலில் ஒரு மணி நேரம் தாங்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கும் இது போதும்.

எலிபெண்டாவிலிருந்து திரும்பும் கடைசிப் படகுகள்: குறைந்த செலவில் நல்ல காட்சி வேண்டும் என்றால் எங்கள் முதல் பரிந்துரை இதுதான். ஆனால் அக்டோபர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரைக்கும் மட்டும். எலிபெண்டா தீவிலிருந்து பார்த்தால் கேட்வே மேற்கு-தென்மேற்கில் இருக்கிறது. டிசம்பரில் சூரியன் மறைவதும் ஏறத்தாழ அதே திசையில்தான். திரும்பும் படகின் மூக்குக்கு நேராகச் சூரியன் இறங்கும். தீவின் கடைசிப் படகு மாலை ஐந்தரை வாக்கில் கிளம்பும், பயணம் ஒரு மணி நேரம். டிசம்பர் தொடக்கத்தில் சூரியன் ஆறு மணிக்கு மறைவதால், அந்த நேரத்தில் நீங்கள் நடுத்துறைமுகத்தில் இருப்பீர்கள். பிப்ரவரி வந்துவிட்டால் சூரியன் மறையும் முன்பே படகு கரை சேர்ந்துவிடும், இந்தக் கணக்கு உதவாது.

இதில் கவனிக்க வேண்டியவை: திங்கட்கிழமை தீவின் குகைக் கோயில்களுக்கு விடுமுறை. தீவில் இறங்கியதுமே படகுக்காரரிடம் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், தினமும் ஒரே நிமிடத்தில் எடுப்பதில்லை. திரும்புவதற்கும் அதே டிக்கெட்தான், தொலைத்துவிடாதீர்கள். குகையிலிருந்து இறங்க நூற்றுக்கும் மேல் படிகள், பிறகு ஜெட்டி (படகுத்துறை) வரை நீளமான நடை. நாலரை மணிக்கே கீழே இறங்கத் தொடங்கினால் மூட்டுவலி உள்ள பெரியவர்களும் அவசரமில்லாமல் வந்து சேர்வார்கள்.

மாண்ட்வாவிலிருந்து திரும்பும் படகு: சூரியன் கடலிலேயே மறைய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு இது. மாண்ட்வா துறைமுகத்தின் தெற்கு வாயில் பக்கம், அலிபாக் கரையில் இருக்கிறது. அங்கிருந்து மும்பை நோக்கி வடக்கே வரும்போது முதல் பாதி வழிக்கு மேற்கே தடுப்பு எதுவும் இல்லை, திறந்த கடல். படகு கொலாபா முனையை நெருங்கும்போதுதான் கட்டடங்கள் குறுக்கே வரும். ஆகவே சூரியன் மறைய இருபது, முப்பது நிமிடத்துக்கு முன் மாண்ட்வாவில் எடுக்கிற படகைப் பிடிக்க வேண்டும். கேட்வேக்கு வருகிற கேட்டமரான்களும் (இரட்டை அடிப்பாகப் படகுகள்) உண்டு. மஸ்காவ் பக்கத்துப் பாவுச்சா தக்கா படகுத்துறைக்கு வருகிற, வாகனங்களையும் ஏற்றும் ரோ-ரோ கப்பலும் உண்டு. ரோ-ரோ பெரியது, ஆட்டம் குறைவு, நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கும் ஏற வசதி. எதில் வந்தாலும் இடது பக்கத் திறந்த தளம்தான் வேண்டும். ஏசி அறைக் கண்ணாடி வழியே பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் போக வேண்டாம்.

தனிப்படகு: யாட் (சொகுசுப் படகு) அல்லது பாய்மரப் படகை மணிக்கணக்கில் பேசி எடுப்பது. ஆறு, எட்டுப் பேர் பங்கிட்டால் கட்டுப்படியாகும். பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில. ஜெட்டியிலிருந்து யாட் வரை கொண்டுவிடும் சிறு படகுக்குத் தனிக் கட்டணமா? நேரம் ஜெட்டியில் ஏறியதிலிருந்து கணக்கா, நங்கூரம் எடுத்ததிலிருந்தா? எத்தனை பேருக்கு அனுமதி? கழிப்பறை உண்டா? வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாள் தருவார்களா? பதிலை எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, வாங்கிவிடுங்கள்.

ஒரு மணி நேரத் தனிப்படகில் பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். பிராங்ஸ் கலங்கரை விளக்கம் வரை போகச் சொல்லிக் கேட்கிறார்கள். கொலாபாவின் தென்முனைக்கு அப்பால் உள்ள அந்த இடம் கேட்வேயிலிருந்து ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். பாய்மரப் படகு மணிக்கு ஒன்பது கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். போகவே நாற்பது நிமிடம் ஆகும். இரண்டு மணி நேரம் எடுத்தால் மட்டும் அதைக் கேளுங்கள். அதோடு, முனையைத் தாண்டினால் கொலாபாவின் மறைப்பு போய்விடும், திறந்த கடலின் அலை தொடங்கும். ஒரு மணி நேரப் படகுக்குக் கிழக்கே நடுத்துறைமுகம் வரை போய்த் திரும்புவதே சரி.

3. மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள்

மும்பையில் சூரியன் மறையும் நேரம் தோராயமாக இப்படி: செப்டம்பர் கடைசியில் 6:30, அக்டோபர் கடைசியில் 6:05, நவம்பர் கடைசியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் 6:00, ஜனவரி நடுவில் 6:20, பிப்ரவரி கடைசியில் 6:43, ஏப்ரல் நடுவில் 6:55, மே நடுவில் 7:05. சென்னையிலிருந்து வருகிறவர்கள் அங்கத்திய நேரத்தை வைத்துக் கணக்குப் போடக்கூடாது. மும்பை மேற்கே இருப்பதால் இங்கே சூரியன் தாமதமாக மறைகிறது.

அரை மணி நேர ஹார்பர் ரவுண்டுக்கு, அந்த நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்பு படகு கிளம்ப வேண்டும். கரையை ஒட்டி ஓடும் படகில் சூரியன் கட்டடத்துக்குப் பின் முன்கூட்டியே போய்விடும் என்பதை ஏற்கெனவே பார்த்தோம். அதனால்தான் நாற்பது. மறையும் நேரத்துக்குச் சரியாகக் கிளம்புகிறவர்களுக்குச் சூரியன் கிடைக்காது.

தனிப்படகு என்றால் கணக்கு வேறு. சூரியன் மறைந்த பிறகு இருபது நிமிடம்வரை வானத்தில் வெளிச்சம் நிற்கும். செம்மை கருநீலமாக மாறும், கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கும். காட்சியின் நல்ல பாதி இதுதான். ஒரு மணி நேரப் படகை மறைவுக்கு நாற்பது நிமிடம் முன் தொடங்கி, இருபது நிமிடம் பின் முடியுமாறு எடுங்கள்.

மரப்படகுகளைப் பொழுது சாய்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். டிக்கெட் எடுக்கும் முன் ஒரே கேள்வி: “ஆக்ரி ஃபேரி கித்னே பஜே?” (கடைசிச் சவாரி எத்தனை மணிக்கு?)

மாதங்களில், மழை விட்ட பிறகான செப்டம்பர் கடைசியும் அக்டோபரும் நிறத்துக்கு மேலானவை. காற்றைக் கழுவிவிட்டிருக்கும், மேகமும் மிச்சமிருக்கும். டிசம்பர், ஜனவரியில் கடல் அமைதி, காற்றும் இதம், ஆனால் புகைமூட்டம் அதிகம். சூரியன் அடிவானம் தொடும் முன்பே மங்கிக் கரைந்துவிடும் நாள்கள் உண்டு. ஜூன் முதல் ஆகஸ்ட் முடிய இந்தத் திட்டமே வேண்டாம். மாண்ட்வா கேட்டமரான்கள் மழைக்கால ஓய்வில் இருக்கும், மற்றவை கடலின் நிலையைப் பார்த்துத்தான் ஓடும்.

4. திதி பாருங்கள்

வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ்த் தினசரிக் காலண்டர் இங்கே நேரடியாக உதவும். மும்பைக் கடலில் ஒரு நாளைக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியிலும் அவற்றை அடுத்த ஓரிரு நாள்களிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் நான்கு மீட்டரையும் தாண்டும். அந்த நாள்களில் உச்ச ஏற்றம் நண்பகலை ஒட்டி வரும். அப்படியானால் மாலை ஆறு, ஏழு மணிக்கு நீர் முழுக்க வற்றியிருக்கும்.

இதன் விளைவு ஜெட்டியில் தெரியும். நீர் வற்றினால் படகு படிக்கட்டின் அடியில் கிடக்கும். மற்ற நேரத்தில் நீருக்குள் இருக்கும் கீழ்ப்படிகள் வெளியே வந்திருக்கும், பாசி படிந்து வழுக்கும். பெரும்பாலான சறுக்கல்கள் இந்தக் கீழ்ப்படிகளில்தான் நடக்கின்றன. அஷ்டமி, நவமியை ஒட்டி நிலைமை தலைகீழ். ஏற்றம் மாலைப் பொழுதை ஒட்டி வரும், வித்தியாசமும் குறைவு. மேல்படிகளிலேயே படகு நிற்கும்.

அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்க மாட்டோம் என்பார்கள் வீட்டில். தாத்தா பாட்டியைப் படகில் ஏற்றுவதற்கு அந்த நாள்களே தோது. ஏற்றத்தைப் ‘பர்த்தி’ என்றும் வற்றத்தை ‘ஓஹோட்டி’ என்றும் படகுக்காரர்கள் மராத்தியில் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் அவர்களையே கேளுங்கள்.

5. வயிறும் பையும்

காலி வயிறும் கூடாது, முட்ட முட்டவும் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கு முன் இரண்டு இட்லி அளவில் ஏதாவது சாப்பிட்டால் போதும். கேட்வே வாசலில் பேல்பூரி, வடாபாவ் தின்றுவிட்டு உடனே ஏறுகிறவர்களுக்குத்தான் குமட்டல் அதிகம். பஸ்ஸிலேயே வாந்தி வருகிறவர்கள், ஏற்கெனவே மருத்துவர் சொன்ன மாத்திரை இருந்தால், ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. ஊரிலிருந்து வந்த இஞ்சி மரப்பா இருந்தால் ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்ளலாம்.

பின்னால் வார் உள்ள செருப்பு அணியுங்கள். ஹவாய் செருப்பு படியிலேயே கழன்று தண்ணீரில் போகும். கைப்பை வேண்டாம், முதுகுப்பை ஒன்று போதும். ஏறும்போது இரண்டு கைகளும் காலியாக இருக்க வேண்டும் என்பதுதான் காரணம். செல்போனுக்குக் கழுத்துக் கயிறு, சில்லறைப் பணம், தண்ணீர், டிசம்பர் ஜனவரியில் பெரியவர்களுக்கு ஒரு சால்வை. கேட்வே வளாகத்துக்குள் பைகளைச் சோதித்தே விடுவார்கள். பெட்டி படுக்கையோடு நேராக ரயிலிலிருந்து வரவேண்டாம்.

6. வந்து சேர்வது, டிக்கெட் எடுப்பது

தாராவி, தாதர் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு இப்போது மெட்ரோ 3 எளிது. ஹுதாத்மா சௌக்கில் இறங்கி இருபது நிமிடம் நடந்தால் கேட்வே. சயான், மாட்டுங்கா, செம்பூர்க்காரர்கள் சிஎஸ்எம்டி (சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினஸ்) வரை ரயிலில் வந்து, அங்கிருந்து பஸ்ஸோ டாக்ஸியோ பிடிக்கலாம். மாஹிம், மாட்டுங்கா ரோடு என்றால் சர்ச்கேட்.

படகு கிளம்பும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன் வளாகத்துக்குள் இருங்கள், ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம். பாதுகாப்புச் சோதனை, டிக்கெட், படிக்கட்டு என்று மூன்று வரிசைகள் இருக்கின்றன. படகேறுகிறவர்கள் மட்டுமல்ல, வேடிக்கை பார்க்க வந்தவர்களும் முதல் வரிசையில் நிற்பார்கள்.

டிக்கெட்டைக் கவுன்ட்டரில் மட்டும் வாங்குங்கள். வளாகத்தில் கையைப் பிடித்து இழுத்து “ஸ்பெஷல் போட்” என்கிறவர்களிடம் பணம் கொடுத்தால், எந்தப் படகு, எத்தனை மணிக்கு என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மேல்தளத்துக்குத் தனியாக ஒரு சிறு தொகையைப் பெரும்பாலும் படகிலேயே வசூலிப்பார்கள்.

7. ஏறுவதும் லைஃப் ஜாக்கெட்டும்

படகுகள் ஒன்றையொட்டி ஒன்றாக நிற்கும். உங்கள் படகுக்குப் போக இன்னொரு படகின் வழியே கடக்க வேண்டியிருக்கலாம். அலையில் படகு ஏறி இறங்கும். அது மேலே வரும்போது காலை எடுத்து வையுங்கள், கீழே போகும்போது வைத்தால் தடுமாறுவீர்கள். ஊழியரின் விரல்களைப் பிடிக்காதீர்கள், முன்கையைப் பிடியுங்கள், ஈரக்கை நழுவாது. இரண்டு படகுகளுக்கு இடையிலோ, படகுக்கும் சுவருக்கும் இடையிலோ ஒருபோதும் கையைக் கொண்டுபோகக் கூடாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தாண்ட வேண்டாம். ஒருவர் முதலில் ஏறி நின்று வாங்கிக்கொள்ளட்டும். புடவையையும் வேட்டியையும் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்ட பிறகே படியில் இறங்குங்கள்.

உட்கார்ந்ததும் முதல் வேலை லைஃப் ஜாக்கெட். 2024 டிசம்பர் 18 மாலை, எலிபெண்டா போய்க்கொண்டிருந்த நீல் கமல் படகின்மீது கடற்படையின் வேகப்படகு மோதியது. 15 பேர் இறந்தார்கள். அனுமதித்ததைவிடக் கூடுதலாக ஆட்கள் ஏறியிருந்தார்கள், பலர் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. அது பகல் வெளிச்சத்தில், அமைதியான கடலில் நடந்தது. எனவே “கடல் சும்மாதானே இருக்கிறது” என்ற பேச்சுக்கு இடமே இல்லை.

எல்லாக் கொக்கிகளையும் மாட்டி, தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரை ஏறினால் தளர்வாக இருக்கிறது, வாரை இறுக்க வேண்டும். குழந்தைக்குக் குழந்தை அளவையே கேட்டு வாங்குங்கள், பெரியவர் ஜாக்கெட்டிலிருந்து குழந்தை நீரில் நழுவிவிடும். மடித்து வைத்து அதன்மேல் உட்காருவது இங்கே வழக்கமாகிவிட்டது, அப்படிச் செய்யாதீர்கள். எத்தனை பேருக்கு அனுமதி என்று படகில் எழுதியிருக்கும். நெரிசல் கண்ணுக்கே தெரிந்தால் இறங்கி அடுத்த படகுக்கு நில்லுங்கள்.

8. எங்கே உட்காருவது

எலிபெண்டாவிலிருந்து திரும்பும்போது: மேல்தளம், முன்பகுதி. மாண்ட்வாவிலிருந்து: இடது பக்கம். ஹார்பர் ரவுண்டில் படகு திரும்பிவிடும் என்பதால் எந்தப் பக்கமும் சரிதான், ஓர இருக்கை கிடைத்தால் போதும்.

பின்கோடியில் டீசல் புகை வரும். குமட்டல் உள்ளவர்களுக்கு மேல்தளமும் ஆகாது, உயரம் கூடக் கூட ஆட்டம் கூடும். அவர்களுக்குக் கீழ்த்தளத்தின் நடுப்பகுதி. போனைப் பார்க்காமல் தூரத்துக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தால் பாதி சரியாகிவிடும்.

சூரியன் மறையும் நேரத்தில் எல்லோரும் எழுந்து ஒரே பக்கம் ஓடுவார்கள். படகு சாயும். ஊழியர் அதட்டுவது அதற்காகத்தான். நீங்கள் சரியான பக்கத்தில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தால் எழவே தேவையில்லை.

குளிர்காலத்தில் கடற்காகங்கள் படகோடு பறந்து வரும். சிப்ஸ், குர்குரே வீசாதீர்கள். உப்பும் எண்ணெயும் அவற்றுக்கு உணவல்ல.

9. படம் எடுப்பது

கேட்வேக்கு வடக்கே கடற்படைத் துறை இருக்கிறது, போர்க்கப்பல்கள் தெரியும். அந்தப் பக்கம் படம் எடுக்கக் கூடாது. ட்ரோனும் கூடாது.

செல்போனில் வானத்தின் பிரகாசமான பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள். கட்டடங்கள் கறுத்து, நிறம் தேறும். முகத்தைத் தொட்டால் வானம் வெளுத்துப்போகும். முழங்கையைக் கம்பியில் ஊன்றாதீர்கள், இன்ஜின் அதிர்வு அப்படியே படத்தில் இறங்கும். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். குடும்பப் படத்தைச் சூரியன் மறைய அரை மணி நேரம் இருக்கும்போதே எடுத்து முடித்துவிட்டால், மறைவை எல்லோரும் சேர்ந்து கண்ணால் பார்க்கலாம்.

10. இறங்கித் திரும்புவது

படகு ஒட்டியதும் முண்டியடிக்க வேண்டாம். கயிறு கட்டி முடியும்வரை உட்கார்ந்திருங்கள். கிளம்பியபோது இருந்ததைவிட நீர் இறங்கியிருக்கலாம், அப்போது காய்ந்திருந்த படி இப்போது வழுக்கலாம். வெளிச்சமும் குறைந்திருக்கும், போன் டார்ச்சைப் போட்டுக்கொள்ளுங்கள்.

வார நாள்களில் ஆறரையிலிருந்து எட்டரை வரை வடக்கே போகும் ரயில்கள் பிதுங்கும். சிஎஸ்எம்டியிலும் சர்ச்கேட்டிலும் வண்டி அங்கேயே கிளம்புவதால், ஒரு வண்டியை விட்டு அடுத்ததற்கு நின்றால் பெரியவர்களுக்கு இடம் கிடைக்கும்.

11. படகு ஓடாவிட்டால்

காற்று பலத்தாலோ, முக்கியப் பிரமுகர் வருகையாலோ படகுகளைத் திடீரென நிறுத்துவதுண்டு. மறைவுக்கு முக்கால் மணி நேரம் மிச்சமிருந்தால், காத்துக்கொண்டு நிற்காமல் டாக்ஸி பிடித்து மரீன் டிரைவின் நாரிமன் பாயின்ட் முனைக்குப் போய்விடுங்கள். மேற்கே திறந்த கடல். எந்த மாதமானாலும் அந்த முனையிலிருந்து சூரியன் நீரில் இறங்குவது தெரியும். சௌபாட்டி முனைக்குப் போக வேண்டாம், அங்கே மலபார் ஹில் குறுக்கே நிற்கும். பணத்தைத் திரும்பப் பெறக் கவுன்ட்டர் டிக்கெட் கையில் இருக்க வேண்டும், டாக்ஸியில் ஏறும் முன்பே அதை முடித்துக்கொள்ளுங்கள்.